மாணவிக்காக எழுதப்பட்ட கொன்சேர்ட்டோ

நமது கல்லூரியின் பிரதான மண்டபத்தில், மேடைக்குக் கீழே இடது பக்கமாக, பச்சைத் துணி போர்த்தபடி நின்ற பியானோவை இம்மலரை வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். காலைக் கூட்டத்திற் கல்லூரிக் கீதத்துக்கு அதுவே சுருதி தந்தது. பாடசாலை விட்ட பின்னர், மூன்று மணிக்கு மேல், அது எங்களுக்குச் சொந்தமானது. பியானோ பயின்ற மாணவிகள் ஆளுக்கு அரைமணி நேரம் என்று முறைவைத்து வாசிப்போம். எண்பதுகளின் பிற்பகுதியில் மின்சாரமும் இல்லை, கொழும்பிலிருந்து சுருதி கூட்ட வருபவரும் இல்லை. மத்தியிலுள்ள இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பா. அவற்றை இடக்கை விரலாற் கிளப்பிவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகியிருந்தோம்.

அந்தப் பியானோவில்தான் எங்கள் ரீச்சர் எனக்கு மொஸார்ட்டின் ஜீ மேஜர் கொன்சேர்ட்டோவின் இரண்டாம் பகுதியைச் சொல்லித் தந்தார். கொன்சேர்ட்டோவுக்கு வாத்தியக் குழு வேண்டும். கொழும்பில் 1958 இலேயே ஒரு சிம்பொனி வாத்தியக் குழு தொடங்கப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் அப்படியொன்றும் இல்லை. ஆகவே ரீச்சர் சங்கீத அறையிலிருந்து மிதி ஆர்மோனியத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, வயலின்களுக்கும் ஓபோக்களுக்கும் உரியதையெல்லாம் தாமே வாசித்தார். நான் அவசரப்பட்டுக் கட்டையிற் கையை வைத்தால், "பிள்ளை, பொறும். முதல் அவையள் கதைச்சு முடிக்கட்டும்" என்பார். அந்த "அவையள்" எங்கோ தொலைவில், நான் ஒருபோதும் பார்க்கப்போகாத மனிதர்கள் என்றே அன்று நினைத்தேன்.

முப்பது வருடங்களுக்குப் பின்னர், லண்டன் புறநகர் மண்டபமொன்றில் அவர்களைக் கண்டேன். ஒரே மாலையில் மொஸார்ட்டின் மூன்று பியானோ கொன்சேர்ட்டோக்கள். நிகழ்ச்சி நிரலைப் புரட்டியபோதுதான் ஒரு விஷயம் கண்ணிற் பட்டது. மூன்றும் பெண்களுக்காக எழுதப்பட்டவை. ஒருத்தி பதினெட்டு வயது மாணவி, ஒருத்தி கண்பார்வையற்றவர், இன்னொருவருடைய பெயரையே உலகம் ஏறத்தாழ நூறு வருடம் பிழையாகச் சொல்லிவந்தது. நமது நூற்றாண்டு மலருக்கு மேலைத்தேய இசை பற்றி எழுதும்படி மலர்க்குழு கேட்டபோது, இந்தப் பெண்களின் கதையையே எழுதுவதென்று தீர்மானித்தேன். அதற்கான காரணத்தை முடிவிற் சொல்கிறேன்.

கொன்சேர்ட்டோ என்னும் உரையாடல்

இசை படியாத தோழியருக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். கொன்சேர்ட்டோ என்பது தனி வாத்தியம் ஒன்றுக்கும் வாத்தியக் குழுவுக்கும் இடையிலான உரையாடல். மொஸார்ட் காலத்துப் பியானோ கொன்சேர்ட்டோ பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டது: முதலாவது விரைவு, இரண்டாவது நிதானம், மூன்றாவது மீண்டும் விரைவு. தொடக்கத்திற் குழுவினர் முக்கியமான மெட்டுக்களைச் சொல்லி முடிப்பர். அதன் பின்னரே பியானோ வாய் திறக்கும். முதற் பகுதி முடியும் வேளையிற் குழு முழுவதும் நின்றுவிட, பியானோக்காரர் தன் திறமையைக் காட்டும் இடம் ஒன்றுண்டு. அதைக் கடென்ஸா என்பர். நமது கச்சேரிகளில் மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் விடுவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

அன்றைய பியானோவும் இன்றையது போன்றதன்று. இன்று 88 கட்டைகள். மொஸார்ட்டின் பியானோவில் ஐந்து எண்சுரங்கள், அதாவது 61 கட்டைகள் மட்டுமே. சட்டம் மரத்தாலானது, சுத்தியல்களுக்குத் தோல் போர்த்தியிருக்கும். ஒலி மெல்லியது, ஆனால் ஒவ்வொரு சுரமும் துலக்கமாகக் கேட்கும். குழுவை வழிநடத்த வேறொருவர் கோலுடன் நிற்பதில்லை. பியானோவில் அமர்ந்திருப்பவரே தலையசைத்தும் கைகாட்டியும் நடத்திச் செல்வார்.

பெயர் தொலைந்த பெண்

மொஸார்ட் சல்ஸ்பேர்க் நகரில் இருந்த காலத்திலேயே பெண்களுக்காகக் கொன்சேர்ட்டோக்கள் எழுதத் தொடங்கிவிட்டார். 1776 இல் லொட்ரோன் சீமாட்டிக்கும் அவருடைய இரு மகள்மாருக்குமாக மூன்று பியானோக்களுக்கு ஒரு கொன்சேர்ட்டோ எழுதினார். அதில் இளைய மகளின் பகுதி மற்ற இரண்டிலும் பார்க்க இலகுவானது. பிள்ளையின் கைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவே கொடுக்கப்பட்டிருக்கிறது. இசை கற்பித்த எவரும் அந்தத் தாள்களைப் பார்த்தால் எழுதியவர் ஓர் ஆசிரியர் என்பதைக் கண்டுகொள்வர்.

1777 ஜனவரியில், தமது 21 ஆவது பிறந்தநாளை ஒட்டிய நாட்களில், அவர் ஈ ஃபிளற் மேஜரில் ஒரு கொன்சேர்ட்டோவை எழுதி முடித்தார். கொஷெல் என்பவர் பின்னாளிற் தொகுத்த பட்டியலில் அது 271 ஆம் இலக்கம். அவருடைய இளமைக்கால ஆக்கங்களில் இதுவே தலைசிறந்தது என்பார் பலர். குழு முன்னுரையை முடிக்கும்வரை பொறுத்திராமல், இரண்டாம் அடியிலேயே பியானோ குறுக்கிட்டுப் பதில் சொல்லும் துணிச்சலான தொடக்கம் அதற்கு உண்டு.

இது யாருக்காக எழுதப்பட்டது? மொஸார்ட்டும் அவருடைய தந்தையாரும் தங்கள் கடிதங்களில் அந்தப் பெண்ணின் பெயரைக் காதில் விழுந்தபடி, ஒவ்வொரு தடவை ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரெஞ்சு அறிஞர் இருவர் அதை "ஜோனோம்" என்று திருத்தி அமைத்தனர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் பொருள் "இளைஞன்". இவ்வாறு ஒரு பெண் இசைக்கலைஞர் "இளைஞன்" என்ற பெயருடன் இசைத்தட்டு உறைகளிலும் கச்சேரி அறிவித்தல்களிலும் உலகம் சுற்றினார். அவர் யார், எங்கே பிறந்தார் என்பது எவருக்கும் தெரியவில்லை.

2004 ஆம் ஆண்டளவில் வியன்னாவைச் சேர்ந்த மைக்கல் லொரென்ஸ் என்னும் ஆய்வாளர் பழைய ஆவணங்களைத் துருவி உண்மையை வெளிக்கொணர்ந்தார். அவர் விக்ரோறியா ஜெனமி. நடன உலகிற் புகழ்பெற்ற ஜோன் ஜோர்ஜ் நொவேரின் மகள். 1749 இற் பிறந்து 1812 இல் மறைந்தவர். இந்த நீண்ட காலம் முழுவதும் அவருடைய சரியான பெயர் எங்கோ ஒரு பெட்டகத்தில், கையெழுத்துத் தாள்களுக்கிடையிற் கிடந்திருக்கிறது. தேடுவதற்கு ஒருவர் வரும்வரை அது அங்கேயே இருந்தது.

டோப்லிங்கில் ஒரு ஜூன் நாள்

1781 இல் மொஸார்ட் சல்ஸ்பேர்க் பேராயரின் சேவகத்தை விட்டு வியன்னாவிற் குடியேறினார். நிரந்தரச் சம்பளம் இல்லை. காலையிற் பியானோ வகுப்புக்கள், மாலையிற் கச்சேரிகள் என்று உழைத்தே குடும்பம் நடத்தவேண்டியிருந்தது. 1784 அவருக்கு நல்ல வருடம். அந்த ஒரே வருடத்தில் ஆறு பியானோ கொன்சேர்ட்டோக்களை எழுதினார். தவக்காலக் கச்சேரிகளுக்குச் சந்தா செலுத்தியோர் 174 பேரின் பெயர்களையும் வரிசையாக எழுதித் தந்தையாருக்கு அனுப்பினார். பெயர்ப்பட்டியல் என்பது வெறும் கணக்கன்று என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வருடம் பெப்ரவரியில் தம் படைப்புக்களுக்கென ஒரு பதிவேட்டையும் தொடங்கினார். அதன் முதற் பதிவே பார்பரா புளோயர் என்ற மாணவிக்காக எழுதிய கொன்சேர்ட்டோ. ஏப்ரல் 12 ஆந் திகதியிட்டு அதே மாணவிக்கு இரண்டாவது ஒன்றையும் பதிந்தார். அதுதான் நான் ஆர்மோனியத் துணையோடு பயின்ற ஜீ மேஜர், கொஷெல் 453.

பார்பரா அப்போது பதினெட்டு வயது இளம்பெண். வீட்டார் அவளைப் பபெற் என்று அழைத்தனர். அவளுடைய பாடக் கொப்பி ஒன்று இன்றும் இருக்கிறது; மாணவியின் பயிற்சியும் ஆசிரியரின் திருத்தங்களும் ஒரே தாளிற் காணப்படுகின்றன. அவளுடைய நினைவேட்டில் மொஸார்ட் ஒரு சிறிய துக்க ஊர்வல இசையை வேடிக்கையாக எழுதிக் கையொப்பமிட்டார், அதுவும் "கௌண்டர்பொயின்ற் வாத்தியார்" என்ற புனைபெயரில். கல்லூரியை விட்டு விலகும்போது ஓட்டோகிராப் நீட்டிய நமக்கெல்லாம் அந்தக் குறும்பு நன்றாக விளங்கும்.

1784 ஜூன் 13 ஆந் திகதி, வியன்னாவுக்கு வெளியே டோப்லிங் என்ற இடத்திலிருந்த புளோயர் குடும்பத்தவரின் வீட்டிற் கச்சேரி நடந்தது. பபெற் தன் புதிய கொன்சேர்ட்டோவை வாசித்தாள். மொஸார்ட் பியானோவுக்கும் ஊதுவாத்தியங்களுக்குமான ஐவர் இசையை வாசித்தார். பின்னர் ஆசிரியரும் மாணவியும் இரண்டு பியானோக்களில் ஒரு சொனாற்றாவைச் சேர்ந்து வாசித்தனர். அந்நாளில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்த இத்தாலிய இசையமைப்பாளர் பைசியெல்லோவை மொஸார்ட் தாமே வண்டியில் அழைத்துச் சென்றார். தமது இசையையும் தமது மாணவியையும் அவர் கேட்கவேண்டும் என்பதே நோக்கம் என்று தந்தையாருக்கு எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சிற் சொல்லியிருப்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த இசையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். முதற் பகுதி இலேசான நடையில் தொடங்குகிறது. இரண்டாம் பகுதியில் வயலின்கள் ஐந்து அடிகளில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நிற்கின்றன. பூரண மௌனம். பிறகு ஓபோவும் புல்லாங்குழலும் பசூனும் வேறொரு திசையிற் பேசுகின்றன. நெடுநேரம் காத்திருந்த பின்னரே பியானோ வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதேபோல நின்று, பின் எதிர்பாராத துயரத்துடன் வெடிக்கிறது. பொறுத்திருக்கத் தெரியாதவருக்கு இந்தப் பகுதி வராது. கடைசிப் பகுதி ஓர் எளிய மெட்டு. அதற்கு ஐந்து விதமான மாற்றங்கள். முடிவில் நாடக மேடையில் எல்லாரும் ஒருசேர ஓடிவருவதுபோல் ஒரு விரைவு.

அந்த எளிய மெட்டுக்கு ஒரு குருவிக் கதையும் உண்டு. 1784 மே 27 அன்று மொஸார்ட் 34 குறொய்சர் கொடுத்து ஒரு ஸ்ராலிங் பறவையை வாங்கினார். நமது மைனாவின் இனத்தைச் சேர்ந்தது அது. அந்தப் பறவை இந்த மெட்டையே பாடியது. ஒரு சுரத்தை நீட்டி, இன்னொன்றைச் சற்று உயர்த்திப் பாடியது. அதை அப்படியே செலவுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி, நன்றாயிருக்கிறது என்ற குறிப்பையும் சேர்த்தார். மாணவி பிழைவிட்டாலும் இப்படித்தான் இரசித்திருப்பாரோ என்னவோ!

கண்ணில்லாதவர் தொடங்கிய பள்ளி

அதே வருடம் செப்ரெம்பர் 30 ஆந் திகதியிட்ட பி ஃபிளற் கொன்சேர்ட்டோ (கொஷெல் 456) மரியா தெரேசியா பரடிஸ் அம்மையாருக்காக எழுதப்பட்டது என்பது பொதுவான கருத்து. 1759 இற் பிறந்த பரடிஸ் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். கொன்சேர்ட்டோக்கள் முழுவதையும் கேட்டே மனனம் செய்தார். 1783 இல் தொடங்கிய நீண்ட பயணத்திற் பாரிஸிலும் லண்டனிலும் மேடையேறினார். அவருக்கென ஒருவர் செய்துகொடுத்த பலகையின் உதவியால் இசை எழுதவும் செய்தார்.

ஆனால் நமது மலருக்கு மிகப் பொருத்தமானது அவருடைய பிற்கால வாழ்வு. 1808 இல் வியன்னாவில் அவர் ஓர் இசைப் பள்ளியைத் தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பாட்டும் பியானோவும் இசை இலக்கணமும் கற்பித்தார். 1824 இல் மறையும்வரை கற்பித்தலே அவருடைய பணி. மேடைப் புகழ் ஓய்ந்த பின்னர் வகுப்பறைக்குத் திரும்பிய அந்த அம்மையாரில் நம் ஆசிரியைகள் சிலரின் சாயல் எனக்குத் தெரிகிறது.

குண்டு மழையில் அதே கொன்சேர்ட்டோ

இனி 155 வருடங்களைத் தாண்டி லண்டனுக்கு வருவோம். 1939 செப்ரெம்பரில் யுத்தம் தொடங்கியதும் தியேட்டர்களும் கச்சேரி மண்டபங்களும் மூடப்பட்டன. இரவில் இருட்டடிப்பு. ட்ரபல்கர் சதுக்கத்திலுள்ள நஷனல் கலரியின் ஓவியங்கள் பாதுகாப்புக்காக அகற்றப்பட்டு, சுவர்கள் வெறுமையாய் நின்றன. அப்போது மைரா ஹெஸ் என்ற பியானோக் கலைஞர் அமெரிக்கப் பயணத்தைக் கைவிட்டு, கலரியின் பணிப்பாளர் கென்னத் கிளார்க்கிடம் ஒரு யோசனையுடன் சென்றார். அந்த வெற்று மண்டபங்களில் மதிய உணவு நேரத்திற் கச்சேரி நடத்தலாமா என்பதே அது.

ஹெஸ் 1890 இல் லண்டனில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1907 இற் பதினேழு வயதிற் பெத்தோவனின் நான்காவது பியானோ கொன்சேர்ட்டோவுடன் அரங்கேறியவர். 1939 ஒக்ரோபர் 10 ஆந் திகதி நடந்த முதற் கச்சேரிக்கு ஒருசிலரே வருவர் என்று எண்ணி அவர் தாமே தனித்து வாசித்தார். நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். நுழைவுக்கட்டணம் ஒரு சிலிங். அலுவலகத்தார், தாதியர், சீருடையணிந்த படையினர் எல்லாரும் சான்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டனர்.

வாரத்தில் ஐந்து நாட்களும் கச்சேரி. விமானத் தாக்குதல் கடுமையானபோது நிலக்கீழ் அறைக்கு மாற்றினர். ஒருநாள் கட்டடத்திற்குள் வெடிக்காமற் கிடந்த குண்டு, பெத்தோவனின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கையிலேயே வெடித்தது. வாசித்தவர்கள் நிறுத்தவில்லை. பகைவரின் நாட்டு இசை என்று மொஸார்ட்டையோ பெத்தோவனையோ ஹெஸ் ஒதுக்கவும் இல்லை. ஆறரை வருடங்களில் 1,698 கச்சேரிகள் நடந்தன. கேட்டவர்கள் 824,152 பேர். இந்த எண்ணிக்கை இன்று துல்லியமாகக் கிடைப்பதற்குக் காரணம், யாரோ வாசலில் நின்று தினமும் ஆட்களை எண்ணி எழுதி வைத்தமையே. ஹெஸ் தமக்கென ஒரு சதமும் பெறவில்லை.

1942 இல் வெளிவந்த "லிஸின் ரு பிரிட்டன்" என்ற சிறிய ஆவணப்படத்தில் அந்தக் கச்சேரிகளில் ஒன்றைக் காணலாம். வர்ணனை எதுவும் இல்லாத படம் அது. விமானப்படையின் வாத்தியக் குழு சூழ்ந்திருக்க, மைரா ஹெஸ் பியானோவில் அமர்ந்திருக்கிறார். கேட்பவர்களிடையே அரசி எலிசபெத்தும் இருக்கிறார். சன்னல்களில் மணல்மூட்டைகள், சுவரில் வெறும் சட்டங்கள். வாசிக்கப்படுவது வேறெதுவுமன்று, பபெற் புளோயருக்காக எழுதப்பட்ட அதே ஜீ மேஜர் கொன்சேர்ட்டோதான்.

அந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். மணல்மூட்டைகளை நாமும் அறிவோம். மண்டபத்துக்குப் பின்னால் நாமே வெட்டிய பதுங்குகுழியை மறக்கமுடியுமா? ஷெல் சத்தம் கேட்டதும் குழிக்குள் இறங்கி, அடங்கியதும் ஏறி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். "எந்த அடியில விட்டனீர்?" என்று மட்டும் ரீச்சர் கேட்பார். யுத்த காலத்திற் பியானோ எதற்கு என்று அன்று கேட்டவர்கள் இருந்தனர். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அப்போது பதில் இருக்கவில்லை.

நம் பெயர்ப்பட்டியல்

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அந்தப் பியானோவை எவராலும் தூக்கிச் செல்ல முடியவில்லை. மறுவருடம் திரும்பி வந்தவர்கள் அதைக் கண்டபோது, மழைநீரில் மரம் ஊதி, உட்புறத்தைக் கறையான் தின்றிருந்தது. சங்கீத அறை அலுமாரியிலிருந்த பதிவேடுகளும் போயின. யார் யார் எந்த வருடம் பியானோ பயின்றனர், எந்தப் பரிசளிப்பு விழாவில் யார் வாசித்தனர், ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கற்பித்த ஆசிரியைகள் எவரெவர் என்ற விபரம் எதுவும் இன்று கல்லூரியில் இல்லை. இம்மலருக்காகக் கேட்டு எழுதியபோது எனக்குக் கிடைத்தவை பதினொரு பெயர்கள் மட்டுமே. அவற்றிலும் இரண்டு, கேட்ட இடத்துக்கு ஏற்ப வேறுவேறாகச் சொல்லப்பட்டன.

நம்மில் எவரும் மைரா ஹெஸ் ஆகவில்லை. பபெற் புளோயரும் உலகப் புகழ் பெற்றவரல்லர். அவர் ஒரு மாணவி, அவ்வளவுதான். எனினும் அவருடைய பெயரும் கொப்பியும் எஞ்சியதால், ஒரு ஜூன் நாளில் அவர் வாசித்தார் என்பதை இன்றும் நாம் அறிகிறோம். ஜெனமிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்க நூறு வருடம் பிடித்தது.

ஆகவே தோழியரே, ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் பாரிஸிலும் கொழும்பிலும் ஊரிலும் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாமாரின் பெட்டிகளிற் பழைய நிகழ்ச்சி நிரல், சான்றிதழ், படம் ஏதும் கிடந்தால் தேடி எடுங்கள். அதிலுள்ள பெயர்களைக் கன்னிப் பெயரோடும் வருடத்தோடும், எழுத்துப் பிழையின்றி, சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். மண்டபத்துக்குப் புதிய பியானோ வாங்கும் நிதியை நமது சங்கக் கிளைகள் சேர்த்து வருகின்றன. அது வந்து சேரும் நாளில், இந்தப் பெயர்களை ஒரு பலகையில் எழுதி அதன் அருகே மாட்டவேண்டும் என்பது என் ஆசை.

அதன்பின் இன்றைய மாணவி ஒருத்தி அந்தக் கட்டைகளிற் கைவைக்கட்டும். முன்னே வாசித்தவர்களின் பெயர்களை முதலில் ஒருதரம் வாசித்துவிட்டு அவள் தொடங்கினால், ரீச்சருக்கு மிகவும் பிடித்திருக்கும்.